பினாங்கு மலைப்பாதையில் பிள்ளைகளோடு: குளவி, குரங்கு, பாம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு தாவரவியல் பூங்கா வாசலில் கூடி, பினாங்கு மலை எனப்படும் கொடிமலைப் பக்கம் ஏறும் தமிழ்க் குடும்பங்களோடு நானும் நடக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதினேன்.

முதல் தடவை போறோம். பிள்ளைங்களுக்கு ஆறு வயசு, ஒன்பது வயசு. எந்தப் பாதை சரி?

தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து மேலே போகும் ஜீப் பாதை தார் போட்டது. உச்சி வரைக்கும் சுமார் 5 கிலோமீட்டர். செங்குத்து அதிகம், முழங்காலைப் பதம் பார்க்கும். ஆனால் அகலமான பாதை. எதிரே எது வந்தாலும் தூரத்திலேயே கண்ணில் படும், ஒதுங்க இடம் கிடைக்கும், அவசரமென்றால் வண்டியும் வரும். முதல் தடவை உச்சிக்குப் போயே ஆகவேண்டும் என்றில்லை. பாதி தூரம் ஏறிப் பசியாறிவிட்டு இறங்கினாலே பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம்தான்.

மூன் கேட் வழி நிழலானது, அழகானது. ஆனால் அது காட்டுப் பாதை. வேரும் கல்லும் படியுமாகப் போகும், ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பிள்ளைகள் ஜீப் பாதையில் பழகிய பிறகு அங்கே போகலாம். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சூட் கடற்கரைக்குப் போகும் வழியும் காட்டுப் பாதைதான். குடும்பமாக நடந்தால் ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

புலி, கரடி, யானை ஏதாவது இருக்கா?

பினாங்குத் தீவில் இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தவும் வேண்டாம். மலேசியக் காடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 150-க்கும் குறைவான புலிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவை இருப்பது தீபகற்பத்தின் பெருங்காடுகளில்.

அப்போ எதுக்குத்தான் பயப்படணும்?

எல்லாரும் முதலில் பாம்பைத்தான் கேட்பார்கள். நான் முதலில் சொல்வது குளவி. பாம்பு நம் காலடி அதிர்வை உணர்ந்தால் பெரும்பாலும் விலகிவிடும். குரங்குக்கு வேண்டியது கையில் இருக்கும் பை. காட்டுப் பன்றிக்குத் தேவை வழி. தெபுவான் என்று நாம் சொல்கிற பெரிய குளவி அப்படியில்லை. கூடு அசைந்துவிட்டது என்று தெரிந்தால் கூட்டமாக வெளியே வந்து, ஓடுகிறவரை விரட்டிக்கொண்டே வந்து கொட்டும். தேனீ ஒரு தடவை கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். குளவியின் கொடுக்கில் அப்படிச் சிக்கும் முள் இல்லாததால் ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டும்போது வெளிவரும் வாசனை மற்றக் குளவிகளையும் அதே இடத்துக்கு அழைத்துவரும்.

இன்னொன்றும் உண்டு. பாம்பைக் கண்டால் பிள்ளை நின்றுவிடும். குளவிக் கூட்டைக் கண்டால் கல் எடுக்கும்.

குளவிக் கூடு எப்படி இருக்கும்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

மரத்தில் தொங்குவது சாம்பலும் பழுப்பும் கலந்த வரிவரியான ஓட்டோடு பானையளவு இருக்கும். சில வகை அடிமரப் பொந்திலும் மண்ணுக்குள்ளும் கட்டும். இவைதான் ஆபத்து அதிகம்; மிதித்த பிறகே தெரியும். ஒரே இடத்தில் குளவிகள் வரிசையாகப் போவதும் வருவதுமாக இருந்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு குளவி உங்கள் முகத்தைச் சுற்றி வட்டமிட்டால் அது காவல் குளவி. அந்த நேரத்தில் கையை வீசாமல், பேச்சை நிறுத்தி, வந்த வழியே திரும்பி நடந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பாதையை விட்டு இறங்காமல் நடப்பதுதான் பெரிய பாதுகாப்பு. புதருக்குள் குச்சியால் குத்துவது, செத்த மரத்தை உதைப்பது, கொடியைப் பிடித்து ஆட்டுவது, இவை மூன்றும் கூடாது என்று வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரவேண்டாம்.

கூட்டமா வந்து கொட்ட ஆரம்பிச்சா என்ன செய்யறது?

ஓடவேண்டும், உடனே. சட்டையையோ துண்டையோ தலைக்கு மேல் இழுத்து முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, வந்த வழியே நூறு மீட்டராவது போய்விடுங்கள். விரட்டி வந்தால் இன்னும் போகவேண்டும். தெரிந்த பாதை என்பதால்தான் வந்த வழி. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். புதரில் ஒளிந்தாலும் ஓடையில் குதித்தாலும் விடாது. தலையை வெளியே எடுக்கும்போது கொட்டும்.

செங்குத்தான இறக்கத்தில் மட்டும் கண்மண் தெரியாமல் ஓடவேண்டாம். அங்கே விழுந்து தலையில் அடிபடுவது பத்துத் தடவை கொட்டு வாங்குவதை விட மோசமாகலாம். சிறு பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, முகத்தை உங்கள் சட்டைக்குள் மறைத்து, வேகமாக நடங்கள்.

கொட்டின பிறகு? சுண்ணாம்பு தடவலாம்னு பாட்டி சொல்றாங்க.

சுண்ணாம்பு வேண்டாம். பிள்ளைத் தோல் அதிலேயே புண்ணாகிவிடும். தேனீக் கொடுக்கு தங்கியிருந்தால் நகத்தால் உடனே எடுத்துவிடுங்கள்; எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். ஒன்றிரண்டு கொட்டு, அந்த இடத்தில் மட்டும் வீக்கம், பிள்ளை நன்றாகப் பேசுகிறது என்றால் மெல்ல இறங்கி வரலாம்.

கொட்டாத இடத்திலும் தடிப்பு வருவது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், பிள்ளை திடீரென்று துவண்டு போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். இது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, நிமிடக் கணக்கில் முற்றும். இந்த நிலையில் பிள்ளையை நடக்க வைத்துக் கீழே கொண்டுவரக் கூடாது. எழுந்து நின்றாலே இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிர் போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்த்து உட்கார வையுங்கள். மருத்துவர் ஏற்கெனவே அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள். அது பையின் அடியில் கிடக்கக் கூடாது, பெரியவர் ஒருவரின் இடுப்பில் இருக்கவேண்டும்.

பிள்ளைக்கு நெறைய கொட்டு, ஆனா நல்லாத்தான் விளையாடுது. வீட்டுக்குப் போயிடலாமா?

வேண்டாம், மருத்துவமனைக்கே போங்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷம் அதிகமாகச் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும், அது அன்றே தெரியாது. உடம்பு சிறிது என்பதால் பிள்ளைக்குக் குறைவான கொட்டே அதிகம். அடுத்த நாட்களில் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ குறைந்தாலோ உடனே திரும்பிப் போங்கள். என்னைப் பொறுத்தவரை, இந்தப் பக்கத்தில் பெற்றோர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய பதில் இதுதான்.

பாதை ஓரத்துல கூடு பார்த்தோம். நாங்களே புகை போட்டுக் கலைச்சா மத்தவங்களுக்கு நல்லதுதானே?

அந்த நல்ல எண்ணத்தாலேயே நிறையப் பேர் கொட்டு வாங்குகிறார்கள். தீயணைப்புப் படையான பொம்பாவும் ஏ.பி.எம். எனப்படும் பொதுத் தற்காப்புப் படையும் அதற்குரிய உடுப்போடு வந்துதான் அதைச் செய்கிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது இடத்தைத் தூரத்திலிருந்து படம் எடுத்து, கைப்பேசி வரைபடத்தில் குறித்து, 999-க்கோ பூங்கா அலுவலகத்துக்கோ சொல்வது. எதிரே ஏறி வருகிறவர்களையும் நிறுத்திச் சொல்லுங்கள்.

கோயிலுக்குப் போயிட்டு அப்படியே நடக்கப் போறோம். குரங்கு தொந்தரவு பண்ணுமா?

தண்ணீர்மலைப் படிகள் 513-ஐயும் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, கையில் அர்ச்சனைப் பையோடு பூங்காப் பக்கம் வருகிறவர்களை நீள்வால் குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே அவற்றுக்கு அது வாழைப்பழம், தேங்காய்மூடி. பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். தின்பண்டத்தை எல்லாம் முதுகுப் பைக்குள், வாசனை வெளியே வராத டப்பாவில் போட்டு மூடுங்கள். பிள்ளை கையில் பிஸ்கட்டோ குளிர்பானப் போத்தலோ நடக்கும்போது இருக்கவே கூடாது.

குரங்கு எதிரே வந்து நின்றால் கண்ணைப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். குடையோ கைத்தடியோ இருந்தால் தரையில் தட்டலாம், அதன் மேல் ஓங்கக் கூடாது. பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கடி வாங்குகிறவர்களில் பலர் பையைத் திருப்பி இழுத்தவர்கள்தான்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட கறுப்புக் குரங்கு வேறு. அது லோத்தோங், இலை தின்னி, மரத்தை விட்டு அதிகம் இறங்காது. அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு நின்று காட்டுங்கள், பார்க்கவேண்டிய காட்சி அது.

ஆனா குரங்குக்குச் சாப்பாடு போடறது புண்ணியம் இல்லையா? ஆஞ்சநேயர் ஆச்சே.

இதை நம் பெரியவர்கள் மனதாரக் கேட்கிறார்கள், அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். காட்டில் அதற்கு வேண்டிய பழமும் தளிரும் பூச்சியும் இருக்கின்றன. நாம் ஒரு வாழைப்பழம் நீட்டினால் அடுத்து வரும் பிள்ளையின் கையையும் அது அப்படித்தான் பார்க்கும். கொடுக்காத கையைக் கடிக்கும். கடித்ததாகப் புகார் போனால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதிகாரிகள் பொறி வைப்பார்கள். தொல்லை கொடுக்கும் குரங்குகளைப் பிடித்துக் கொல்வதும் இந்த நாட்டில் நடக்கிறது. நாம் கொடுத்த பழத்துக்கு அந்தக் குரங்கு உயிரைக் கொடுக்கிறது. தாவரவியல் பூங்காவில் உணவு போடுவதற்குத் தடையும் இருக்கிறது. ஆஞ்சநேயருக்கு வடைமாலை கோயிலிலேயே சாத்துவோம்.

குரங்கு லேசா கீறிடுச்சு, இரத்தம்கூட வரல. போகணுமா?

போகவேண்டும், அன்றைக்கே. அதற்கு முன் அங்கேயே சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அந்தக் கழுவலே பாதி வைத்தியம், அதனால் பையில் ஒரு சிறு சோப்பு இருக்கட்டும். டெட்டனஸ் ஊசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

தெருநாய் கடித்தாலும் இதே முறைதான். 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மூன்று மாநிலங்களிலும் வெறிநோய் தலைகாட்டியது. அறிகுறி வந்துவிட்டால் அந்த நோய்க்குப் பிழைப்பே கிடையாது என்பதால், இதில் பொறுத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பாம்பு பார்த்தா?

நில்லுங்கள், பின்னால் வருகிறவர்களையும் நிறுத்துங்கள், நாலைந்து அடி பின்வாங்கி அது போகும்வரை காத்திருங்கள். போகவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். குச்சியால் தள்ளவோ நெருங்கிப் படம் எடுக்கவோ வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் நாம் பார்க்கும் பச்சை விரியன் இந்தக் காடுகளிலும் உண்டு. தாழ்ந்த கிளையில் நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும், இலையோடு இலையாகத் தெரியும். எனவே ஏறும்போது கிளையையோ கைப்பிடியையோ பார்க்காமல் பிடிக்கக் கூடாது. செபராங் பிறை, கெடா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குக் காப்பாக் போடோ விரியனைத் தெரிந்திருக்கும். சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும், நாம் நெருங்கினாலும் விலகாது. பாம்பு விலகிவிடும் என்று மேலே சொன்னதற்கு இந்த இரண்டு விரியன்களும் விதிவிலக்கு. மூடிய சப்பாத்துப் போடுங்கள், சிலிப்பர் வேண்டாம். விழுந்த மரத்தைத் தாண்டும்போது முதலில் அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கடிச்சிட்டா துணியால இறுக்கிக் கட்டணும், வாயால உறிஞ்சணும்னு சொல்றாங்களே?

இரண்டும் வேண்டாம். கீறவும் வேண்டாம், பச்சிலையும் வேண்டாம். விரியன் விஷமும் நல்லபாம்பு விஷமும் கடித்த இடத்தின் சதையை அழுகச் செய்யும். இறுக்கிக் கட்டினால் அந்த அழிவு அதே இடத்தில் தேங்கிக் கையோ காலோ போகலாம். மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 999-ஐ அழைத்து, முடிந்தவரை தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கிளினிக்கில் விஷமுறிவு மருந்து இருக்காது, நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு அதுவே போதும்.

விஷத்தைத் துப்பும் நாகம் இங்கே உண்டு. கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டு இருபது நிமிடமாவது கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள்.

காட்டுப் பன்றி துரத்துமா?

வழி மறிக்காவிட்டால் பெரும்பாலும் துரத்தாது. கோடு போட்ட குட்டிகளைக் கண்டால் தாய் பக்கத்தில்தான் இருக்கும், உடனே வந்த வழியே திரும்புங்கள். பாய்ந்து வந்தால் பாறை மேலோ மரத்துக்குப் பின்னாலோ போங்கள். பொழுது விடியுமுன்னும் இருட்டத் தொடங்கும்போதும் அவை அதிகம் நடமாடும், அந்த நேரத்தில் பிள்ளைகளோடு பாதையில் இருக்காதீர்கள்.

அட்டை?

மழை பெய்த மறுநாள் இருக்கும். நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளிவிட்டால் விழுந்துவிடும். கழுவினால் போதும்.

சத்தம் போட்டுக்கிட்டே போனா மிருகங்க விலகிடும்ங்கறாங்க. நீங்க குளவி வட்டமிட்டா பேச்சை நிறுத்தச் சொல்றீங்க. எது சரி?

சாதாரணமாகப் பேசிக்கொண்டு நடப்பதே சரி. அந்தப் பேச்சிலும் காலடியிலும் பன்றியும் பெரும்பாலான பாம்பும் விலகிவிடும். பாட்டுப் பெட்டி, கூச்சல், தடதடவென்று ஓட்டம் இவற்றைத்தான் வேண்டாம் என்கிறேன். குளவிக் கூட்டுப் பக்கம் அதிர்வு ஆகாது. தவிரவும், அந்தச் சத்தத்தில் பின்னால் வருகிற பிள்ளை கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது.

குளவின்னா ஓடு, குரங்குன்னா ஓடாதே, பாம்புன்னா நில்லு. ஆறு வயசுப் பிள்ளை எப்படி ஞாபகம் வச்சுக்கும்?

வைத்துக்கொள்ளாது. பிள்ளைக்கு ஒரே விதி போதும்: எதைப் பார்த்தாலும் பெரியவர் கையைப் பிடி. ஓடுவதா நிற்பதா என்பது பெரியவரின் வேலை. அதற்குப் பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பிள்ளைகள் முன்னால் ஓடி வளைவுக்கு அந்தப் பக்கம் மறைவதும், அப்பாவும் மாமாவும் பின்னால் கைப்பேசியோடு வருவதும்தான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில் கழுத்தில் தொங்கட்டும்.

முன்னால போன சின்னவளைக் குளவி கொட்டுது, பின்னால தாத்தா மெதுவா வர்றார். நான் யாரைப் பார்க்கறது?

இது ஒரு அக்காள் கேட்ட கேள்வி. அந்த நொடியில் யோசித்தால் பதில் கிடைக்காது, கார் நிறுத்துமிடத்திலேயே முடிவு செய்திருக்கவேண்டும். இன்ன பிள்ளைக்கு இன்னார், தாத்தாவுக்கு இன்னார் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். ஒருவர் பொறுப்பில் இரண்டு பேர் வருகிறது என்றால், அன்றைக்கு அந்தக் காட்டுப் பாதைக்கு ஆள் போதவில்லை. ஜீப் பாதையிலேயே நடங்கள்.

அப்படியும் நேர்ந்துவிட்டால் கொட்டு வாங்குகிறவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். தாத்தாவை அங்கேயே நின்று திரும்பச் சொல்லிக் கத்துங்கள். கூட்டுக்கு எட்டத்தில் இருக்கும்வரை அவருக்கு ஆபத்து குறைவு. நீங்கள் பிள்ளையோடு ஓடிவருவது அவர் இருக்கும் பக்கம் என்பதால், அவர் முன்கூட்டியே இறங்கத் தொடங்கிவிடவேண்டும்.

999-க்குக் கூப்பிட்டா மலையில எங்க இருக்கோம்னு எப்படிச் சொல்றது?

நடக்கத் தொடங்கிய இடம், நடந்த நேரம், கடைசியாகப் பார்த்த பலகையில் இருந்த எண், இந்த மூன்றையும் சொல்லுங்கள். கைப்பேசி வரைபடத்தில் உங்கள் இடத்தை அழுத்தினால் வரும் எண்களைப் படித்துக் காட்டலாம். உடனிருக்கும் பெரியவர்களில் ஒருவர் கீழே இறங்கி, வருகிறவர்களுக்கு வழிகாட்டட்டும். பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் பல இடங்களில் அலை கிடைக்காது, அதனால் கிளம்புமுன் வீட்டில் ஒருவரிடம் பாதையும் திரும்பும் நேரமும் சொல்லிவிடுங்கள்.

போயிட்டு வந்து ரெண்டு வாரம் கழிச்சு பிள்ளைக்குக் காய்ச்சல். மலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுக்குப் போனதை நீங்களாகச் சொல்லுங்கள். நீள்வால் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா இந்த நாட்டில் உண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா வகைகள் 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. இன்று இங்கே பிடிக்கும் மலேரியா பெரும்பாலும் இந்தக் குரங்கு மலேரியாதான். அது வேகமாக முற்றும், ஆனால் உடனே கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும். ஓடையில் விளையாடியிருந்தால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் வரலாம். அதற்கு நான்கு வாரம்வரைகூட ஆகும். டெங்கிதான் என்று வீட்டிலேயே தீர்மானித்து பனடோல் கொடுத்துக்கொண்டு இருக்காமல், இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.